ஒரு மகிழுந்தின் பாயிரம்

தமிழ்ப்பள்ளியில் காலெடுத்து வைக்கும் குழந்தைக்கு நாம் முதலில் தரும் பயிற்சிகளுள் ஒன்று பார்த்தெழுதுதல். ஆசிரியர் பலகையில் எழுதிய சொல்லைக் குழந்தை தன் ஏட்டில் அவ்வாறே எழுதுகிறது. வளைவு பிசகினால் திருத்துகிறோம். அச்சுப்போல் அமைந்தால் பாராட்டுகிறோம். அதே குழந்தை ஆறாம் ஆண்டில், தேர்வு நேரத்தில், அடுத்த மேசையைப் பார்த்து எழுதினால் தாளைப் பறித்துக்கொள்கிறோம். செயல் ஒன்றுதான். ஆயினும் முன்னது கல்வி, பின்னது களவு. இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே ஓடுகிறது? முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இந்த வினாவுக்குத் தெளிவான விடை கிடைத்த இடம் கருத்தரங்க மேடை அன்று. கிள்ளானில், எண்ணெய்க் கறை படிந்த ஒரு பட்டறை.

தலைமையாசிரியன் ஒருவன் மகிழுந்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவனுக்கு இயந்திரம் அந்நியப் பொருள் அன்று. கோலாலம்பூர் நகரம் அத்தாப்புக் கூரைகளையும் மரச்சுவர்களையும் விட்டுச் செங்கல்லுக்கு மாறிய 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அந்தச் செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த இடம் அது. பின்னர் இரயில்வே ஊழியர்களின் ஊராயிற்று. என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் குடியிருந்த எழுத்தர் ஒருவர் 'டிரயம்ப் ஹெரால்டு' மகிழுந்து ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அதைப் பழுது பார்க்கத் தொடங்கினால் சிறுவர்களாகிய நாங்கள் சூழ்ந்து நிற்போம். மற்ற மகிழுந்துகளில் இயந்திரத்தின் மேல்மூடி மட்டும் திறக்கும். ஹெரால்டிலோ முகப்பு முழுவதுமே, விளக்குகளும் சக்கர மறைப்புகளும் உட்பட, முதலை வாய் பிளப்பதுபோல் முன்னோக்கிச் சாயும். உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். மறைப்பதற்கு ஒன்றுமில்லாத வண்டி என்று அவர் பெருமையோடு சொல்லுவார்.

கிள்ளானில் இருந்த அத்தை வீட்டுக்கு இரயிலில் செல்லும்போது இடையில் பத்து தீகா வரும். மூன்றாம் மைல்கல் என்பது அதன் பொருள். 1968இல் திறக்கப்பட்ட மோட்டார் பந்தயத் தடம் அங்கே இருந்தது. சிப்பாங் தடம் 1999இல் உலகப் பந்தயத்தை வரவேற்கும்வரை, மலேசியாவில் பந்தயம் என்றால் பத்து தீகாதான். 2003இல் அந்தத் தடம் இடிக்கப்பட்டது. இன்று அங்கே வீடுகள் நிற்கின்றன. எங்கள் தலைமுறைக்கு மட்டுமே அந்தப் பெயரில் ஓர் உறுமல் கேட்கும்.

இனி, என் மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்த புதிதில், கிள்ளான் வட்டாரத் தோட்டப்பள்ளி ஒன்றில் பணியாற்றினேன். அங்கே நான்காம் ஆண்டில் என்னிடம் படித்தவன் அவன். மத்திமீன் தகரக் குவளையை வெட்டி வண்டி செய்வான். தேய்ந்த செருப்பின் இரப்பரைச் சக்கரமாக்குவான். கணக்கில் விகிதம் என்றால் முகம் வாடிவிடும். புகுமுக வகுப்போடு அவன் ஏட்டுக் கல்வி ஏறத்தாழ முடிந்தது. கிள்ளானில் ஒரு சீன போர்மேனிடம் எடுபிடியாகச் சேர்ந்து, பதினைந்து ஆண்டுகளில் சொந்தப் பட்டறை வைத்தான். பழைய மகிழுந்துகளின் தகரவேலையில் அவன் கைக்கு ஒரு பெயர் உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறையேனும் பார்க்க வருவான். நானும் அவன் பட்டறைக்குச் செல்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலையில், தொலைபேசியில் அழைத்தான். "ஐயா, ஒரு வண்டியை அறுக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. வந்து பாருங்கள்" என்றான்.

சென்றேன். பட்டறையில் வெள்ளை நிறத்தில் சின்னஞ்சிறு விளையாட்டு மகிழுந்து ஒன்று நின்றது. பெயர் 'டிரயம்ப் ஸ்பிட்பயர்'. முகப்பைத் திறந்து காட்டினான். என் பிள்ளைப் பருவத்து முதலை வாய் பிளந்தது. ஹெரால்டின் அடிச்சட்டகத்தைக் குறுக்கி, இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உடலை அதன்மேல் ஏற்றி, 1962இல் விற்பனைக்கு வந்தது ஸ்பிட்பயர். 1980வரை 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. ஹெரால்டு நம்மவர்க்கும் தூரத்து உறவில்லை. சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் அதை அங்கேயே செய்து விற்றது. ஆகவே சென்னைச் சாலைகளில் ஓடிய குடும்ப வண்டியும், ஐரோப்பியப் பந்தயத் தடத்தில் ஓடிய ஸ்பிட்பயரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லலாம்.

அந்த வெள்ளை வண்டியை முதலில் வைத்திருந்தவர் காலமானபின், ஒரு வணிகர் அதை வாங்கியிருந்தார். அவருடைய விருப்பம் வேறு. 1965இல் டிரயம்ப் நிறுவனம் மக்காவ் பந்தயத்திற்கென்றே ஒரு ஸ்பிட்பயரைத் தனியாக ஆயத்தப்படுத்தியது. ஹாங்காங் விற்பனையாளரான வால்ட்டர் சுல்கே அதை ஓட்டினார். முன்கண்ணாடிச் சட்டத்தை அகற்றி, ஓட்டுநர் முன்னால் மட்டும் ஒரு சிறிய வளைகண்ணாடி. அடுத்த இருக்கையின்மேல் தகட்டு மூடி. ஓட்டுநர் தலைக்குப் பின்னால் மீன்முதுகுபோல் எழும் ஒரு கூடு. பார்த்தால் மறக்க முடியாத உருவம். அந்த வண்டி பின்னர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. அதைப்போலவே ஒன்று தமக்கு வேண்டும் என்றார் வணிகர். அதற்காக, துருவேறாத இந்த முழு வண்டியின் கழுத்தை அறுக்க வேண்டும்.

இது எங்கோ ஒரு பட்டறையில் எழுந்த ஆசை மட்டும் அன்று. பெராரி நிறுவனம் 1962 முதல் 1964வரை 'ஜி.டி.ஓ.' என்னும் பந்தய மகிழுந்தை 36 என்ற எண்ணிக்கையில் மட்டுமே செய்தது. அவற்றுள் ஒன்று 2018இல் ஏலத்தில் 4 கோடியே 84 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று. அதே காலத்தில் அந்நிறுவனம் ஏறக்குறைய 950 'ஜி.டி.இ.' வண்டிகளைச் செய்தது. நான்கு பேர் அமரக்கூடிய, அடக்கமான வண்டி அது. ஜி.டி.ஓ.வின் புகழ் வளர வளர, ஜி.டி.இ. வண்டிகள் பலவற்றை வாங்கி அறுத்து ஜி.டி.ஓ.வின் சாயலாக மாற்றினார்கள். புகழ்பெற்ற அண்ணனின் முகமூடிக்காகப் புகழ் பெறாத தம்பி பலியானான். இன்று ஜி.டி.இ.யும் அரும்பொருளாகி, அறுத்தவர்கள் அறுத்ததை எண்ணி வருந்தும் நிலை வந்துவிட்டது.

என் மாணவன் வணிகரிடம் மாற்றுவழி ஒன்றைச் சொன்னான். கிள்ளான் பழைய இரும்புக் கடை ஒன்றில் இன்னொரு ஸ்பிட்பயர் கிடந்தது. கதவுகள் இல்லை, தரை இல்லை, இயந்திரம் துருப்பிடித்து இறுகியிருந்தது. ஆனால் அடிச்சட்டகம் உறுதியாக இருந்தது. "இதைக் கொண்டு செய்கிறேன். வெள்ளை வண்டி அப்படியே இருக்கட்டும். அதுதான் எனக்கு அளவுகோல்" என்றான். வணிகர் உடனே மறுக்கவில்லை, யோசிப்பதாகச் சொன்னார்.

வேலை தொடங்கியது. கிள்ளானுக்குப் போகும் சனிக்கிழமைகளில் நான் கண்டவற்றை ஆசிரிய நண்பர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். மக்காவ் வண்டியின் வரைபடம் ஏதும் அவனிடம் இல்லை. பக்கவாட்டில் எடுத்த பழைய புகைப்படம் ஒன்றுதான் இருந்தது. ஸ்பிட்பயரின் முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடைப்பட்ட நீளம் 83 அங்குலம். அந்தப் புகைப்படத்தில் அதே நீளம் சரியாக 83 சென்டிமீட்டர் வருமாறு பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டினான். இனிப் படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் வண்டியில் ஓர் அங்குலம்! விகிதக் கணக்குக்கு அழுத பையன், விகிதத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தான்.

அதோடு நிற்கவில்லை. படப்பெட்டிக்கு அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளியிருப்பது சிறிதாகவும் தெரியும் அல்லவா? சக்கரம் பக்கவாட்டில் இருக்கிறது. தலைக்கூடு உள்ளே தள்ளியிருக்கிறது. ஆகவே படத்தில் அளந்தால் கூட்டின் உயரம் குறைந்துவிடும். வெள்ளை வண்டியை அதே கோணத்தில் நிறுத்தி, அதே தொலைவு என்று தோன்றும் இடத்திலிருந்து படமெடுத்தான். அதில் இருக்கையின் உயரத்தைப் படத்திலும் அளந்தான், வண்டியிலும் அளந்தான். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு கூட்டின் அளவைத் திருத்தினான். வெள்ளை வண்டி அளவுகோல் என்று அவன் சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூலத்தை அழித்துவிட்டால் படியைச் சரிபார்க்க எதுவும் மிஞ்சாது.

தகரவேலையும் ஒரு பாடமாகவே இருந்தது. ஸ்பிட்பயரில் கதவுக்குக் கீழே ஓடும் நீளப் பெட்டிகள் அழகுக்காக வைத்தவை அல்ல; உடலின் விறைப்பு பெரிதும் அவற்றில்தான் இருக்கிறது. துருப்பிடித்த பெட்டியை அவசரப்பட்டு அறுத்தெடுத்தால் உடல் நடுவில் தொய்ந்து, பின்பு எந்தக் கதவும் பொருந்தாது. ஆகவே கதவு வாய்களின் குறுக்கே முதலில் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, உடலை அசையாமல் நிறுத்திய பிறகே கெட்டதை வெட்டினான். கெட்டதை நீக்குமுன் நல்லதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது வகுப்பறைக்கும் பொருந்தும் நெறி.

மூலத்திலிருந்து அவன் இரண்டு இடங்களில் விலகினான். தொடக்ககால ஸ்பிட்பயரின் பின்சக்கரங்களுக்கு ஒரு குறை உண்டு. வேகமாக வளையும்போது சக்கரம் உட்புறம் மடங்கி, வண்டி ஓட்டுநர் கையை மீறிவிடும். 1970இல் வந்த நான்காம் வகையில், குறுக்கே கிடக்கும் பட்டைவில்லின் அமைப்பை மாற்றி அந்தக் குறையைப் பெரிதும் போக்கினார்கள். அவன் அந்தப் பிற்கால வில்லையே பொருத்தினான். தலைக்கூட்டின் உள்ளிருந்து எழுந்து ஓட்டுநர் தலைக்கு மேலே நிற்கும் எஃகு வளையம் ஒன்றையும் சேர்த்தான். "படத்தில் இது இல்லையே" என்றேன். "உயிர் இருக்கிறதே, ஐயா" என்றான்.

இந்த நிலையில்தான் சிக்கல் முற்றியது. வணிகர் ஒரு நாள் வந்து, வண்டியில் எந்தக் குறிப்பும் இருக்கக் கூடாது என்றார். பார்ப்பவர்கள் பார்த்தபடி நினைத்துக்கொள்ளட்டும். மக்காவிலிருந்து வந்த வண்டியோ என்று எவரேனும் கேட்டால் சிரித்துக்கொண்டே நிற்பேன் என்றார். என் மாணவன், இது படி என்று பொறித்த தகடு ஒன்று இல்லாமல் வண்டியைக் கையளிக்க முடியாது என்றான். பேச்சு முறிந்தது. வெள்ளை வண்டியை வணிகர் வேறொரு பட்டறைக்கு எடுத்துச் சென்றார். நான்கு மாத உழைப்புக்குக் கூலி இல்லை. பட்டறை வாடகை இரண்டு மாதம் நின்றது. அவன் மனைவி நகையை அடகு வைத்தாள் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். வெள்ளை வண்டியின் கழுத்தை அந்த இன்னொரு பட்டறை அறுத்தது.

அந்தச் செய்தி வந்த வாரம் அவன் என்னைத் தேடி வந்தான். துருப்பிடித்த வண்டியைத் தன் செலவிலேயே முடிக்கப் போவதாகச் சொன்னான். பிறகு, "தகட்டில் எழுத நல்ல தமிழில் நான்கு வரி வேண்டும், ஐயா" என்றான்.

நான் பவணந்தி முனிவரின் நன்னூலை எடுத்து வைத்தேன். பயிற்சிக் கல்லூரியில் நாம் அனைவரும் நெட்டுருச் செய்த பகுதிதான். நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று வகுக்கிறது நன்னூல். வழிநூல் இழிந்தது என்று அது சொல்லவில்லை. முன்னோர் நூலின் முடிபை ஏற்று, பின்னோன் தான் வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்துச் செய்வது வழிநூல் என்கிறது. ஆனால் அதே நன்னூல், ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவை எவை என்றும் எண்ணிக் காட்டுகிறது. செய்தவன் பெயர் முதலில் வருகிறது; அதை அடுத்து நிற்பது 'வழி', அதாவது இந்நூல் எதனைப் பின்பற்றி வந்தது என்னும் செய்தி. எதைப் பார்த்தேன் என்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் பார்த்துச் செய்ததில் தாழ்வில்லை. இதை விளக்கியபோது அவன் முகம் மலர்ந்தது. "அப்படியானால் என் வண்டிக்கு வேண்டியது பாயிரம்" என்றான்.

பித்தளைத் தகட்டில் இப்படிப் பொறித்தான். கீழே மலாயிலும் எழுதினான்: '1965 மக்காவ் பந்தய ஸ்பிட்பயரைப் பார்த்துச் செய்த படி. சட்டகம் வேறொரு ஸ்பிட்பயருடையது. பின்வில்லும் எஃகு வளையமும் நம் சேர்க்கை. செய்த இடம் கிள்ளான்.'

நம் இலக்கியம் பிழைத்ததே படியெடுத்தவர்களால்தான் என்பதை நாம் மறக்கலாகாது. பனையோலை நெடுங்காலம் நில்லாது, செல்லரிக்கும், நொறுங்கும். தலைமுறைதோறும் எவரோ ஒருவர் விளக்கடியில் அமர்ந்து பார்த்தெழுதினார். அந்தப் படிகளைத் தேடி அலைந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார் உ.வே.சாமிநாதையர். ஒப்பிடப் பல படிகள் இருந்தமையால்தான் பாடத்தைத் திருத்த முடிந்தது. படியெடுப்பதற்காக மூல ஏட்டைக் கிழித்த எழுத்தர் எவரும் போற்றப்படவில்லை.

படியெடுத்தலிலிருந்து படைப்புக்குச் செல்லும் பாதை நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே கண்முன் கிடக்கிறது. 1948இல் இலண்டனில் காலின் சாப்மன் என்னும் இளைஞர் பழைய 'ஆஸ்டின் செவன்' வண்டி ஒன்றை மாற்றியமைத்துத் தம் முதல் பந்தய மகிழுந்தைச் செய்தார். அதிலிருந்து வளர்ந்தது 'லோட்டஸ்' நிறுவனம். மிட்சுபிஷியின் வண்டியை அடியொற்றி 1985இல் ஷா ஆலமில் 'புரோட்டோன் சாகா'வைச் செய்யத் தொடங்கிய நம் நாட்டு நிறுவனம், 1996இல் அதே லோட்டஸின் பெரும்பங்கை வாங்கியது, 2017வரை வைத்திருந்தது. இடைக்காலத்தில், லோட்டஸின் துணையோடு உருவாக்கிய தன் சொந்த இயந்திரத்தை 2004இல் வெளியிட்டது. கோயம்புத்தூரில் கரிவரதன், மாருதி 800இன் சிறிய இயந்திரத்தைக் கொண்டு ஒற்றையிருக்கைப் பந்தய மகிழுந்துகளைச் செய்தார். அத்தகைய வண்டியில் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன், 2005இல் உலகப் பந்தயமான பார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் அதைக் காணவில்லை. கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கடந்த ஆண்டு கோலாலம்பூரில் நடந்த பழைய மகிழுந்துக் கண்காட்சி ஒன்றில் இரு வண்டிகளையும் ஒரே நாளில் கண்டேன். வணிகரின் வண்டி மின்னியது. அதைச் சுற்றி ஒரே கூட்டம். படமெடுத்தார்கள், வியந்தார்கள், நகர்ந்தார்கள். என் மாணவனின் வண்டியைச் சுற்றிக் கூட்டம் குறைவு. ஆனால் வந்தவர்கள் தகட்டைப் படித்தார்கள், படித்தவர்கள் நின்றார்கள். பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன், "அப்படியென்றால் உண்மையான வண்டி எங்கே இருக்கிறது? அதை யார் ஓட்டினார்கள்?" என்று கேட்டான். என் மாணவன் சுல்கேயைப் பற்றியும், பழைய மக்காவ் சாலைகளைப் பற்றியும், பின்வில்லை ஏன் மாற்றினான் என்பதைப் பற்றியும் அரைமணி நேரம் சொன்னான். அடுத்து நின்ற வண்டியைப் பற்றி எவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க அங்கே இடமே இல்லை.

பார்த்தெழுதும் குழந்தையையும் தேர்வில் திருடும் மாணவனையும் பிரிக்கும் கோடு இதுதான் என்பது என் துணிபு. முன்னவன் பலகையைக் காட்டுகிறான். பின்னவன் பலகையை மறைக்கிறான். பாயிரமுள்ள படி நம்மை மூலத்திற்கு அனுப்புகிறது. பாயிரமில்லாத படி மூலத்தின் இடத்தில் தானே அமர்ந்துகொள்கிறது. இன்று நம் மாணவர்களுக்குக் கட்டுரைகளையும் படங்களையும் நொடியில் படியெடுத்துத் தரும் கருவிகள் கைக்கு எட்டிவிட்டன. பார்க்காதே என்று தடுப்பதால் பயனில்லை. எதைப் பார்த்தாய், எங்கே மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று நான்கு வரி எழுதச் சொல்லுவோம். எங்கள் பள்ளியில் இவ்வாண்டு முதல் ஒப்படைப்பு ஒவ்வொன்றின் முதற்பக்கத்திலும் மாணவர்கள் அதை எழுதுகிறார்கள். அந்தப் பக்கத்துக்குப் பாயிரம் என்றே பெயர் வைத்திருக்கிறோம்.